ஒன்பது மணிக்கு என்ன போடுவது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் உள்ளூர்த் தமிழ் நாடகங்களைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, தொலைக்காட்சியில் எந்த நிகழ்ச்சியை எந்த நேரத்தில் வைப்பது என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. கோலாலம்பூரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சி அட்டவணைப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில், இம்மாதப் பகுதி முழுவதையும் அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

செந்தூல் வாசகர்: ஒன்பது மணிக்கு முடிய வேண்டிய நாடகம் ஒன்பதைத் தாண்டி இரண்டு நிமிடம் ஓடுகிறது. முடிந்ததும் நடித்தவர்களின் பெயர்களைக்கூட ஒழுங்காகக் காட்டாமல் அடுத்த நாடகத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நேரத்தோடு ஒளிபரப்ப இவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். தெரிந்துதான் செய்கிறார்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் அலைவரிசைகள் தங்கள் பார்வையாளர்களில் பெரும்பகுதியை இழக்கின்றன. நிமிட வாரியாக எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், நாடகம் நடக்கும்போது கோடு ஓரளவு சமமாகச் செல்லும். விளம்பரம் வந்ததும் சற்று இறங்கி, மீண்டும் ஏறும். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் சரசரவென்று இறங்கும். அந்த இறக்கம் மட்டும் பல நேரங்களில் மீண்டும் ஏறுவதில்லை, ஏனென்றால் எழுந்து போனவர் திரும்பி வரும்போது வீட்டில் வேறொருவர் அலைவரிசையை மாற்றியிருப்பார்.

ஆகவே அந்த இடைவெளியை இல்லாமல் செய்துவிட வேண்டும் என்பதுதான் அட்டவணை போடுகிறவர்களின் முதல் கவலை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரிலிருந்து இயங்கிய டிபிஎஸ் அலைவரிசை, 1981ஆம் ஆண்டில், மற்ற எல்லாரும் ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் நிகழ்ச்சிகளைத் தொடங்கிக்கொண்டிருக்க, தான் மட்டும் ஏழு ஐந்துக்கும் ஏழு முப்பத்தைந்துக்கும் தொடங்கியது. அங்கே ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து முடிப்பவர் வேறு அலைவரிசைக்குத் திரும்பினால் அங்குள்ள கதை ஐந்து நிமிடம் ஓடிப்போயிருக்கும். தொடக்கத்தைத் தவறவிட்ட கதையில் போய் உட்காருவதைவிட இருந்த இடத்திலேயே இருந்துவிடலாம் என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். அச்சிட்ட நிகழ்ச்சிப் பட்டியலில் டிபிஎஸ் தனி வரியாகத் தெரிந்தது கூடுதல் ஆதாயம். உங்கள் நாடகம் ஒன்பதைத் தாண்டி ஓடும் அந்த இரண்டு நிமிடங்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

பெயர்ப் பட்டியலைச் சுருக்கி ஓரத்தில் ஒதுக்கும் வழக்கத்தை 1994இல் அமெரிக்காவின் என்பிசி அலைவரிசை பெரிய அளவில் கொண்டுவந்தது. திரையின் ஒரு பக்கத்தில் பெயர்கள் விரைந்து ஓட, மறு பக்கத்தில் அடுத்து வருவது என்ன என்று காட்டினார்கள். இன்று அது உலகம் முழுவதும் நடைமுறையாகிவிட்டது. தமிழ் அலைவரிசைகள் இன்னும் ஒரு படி மேலே போய், முதல் நாடகத்துக்கும் இரண்டாவது நாடகத்துக்கும் இடையே விளம்பரமே வைக்காமல், இரண்டாவது நாடகத்தின் முதல் காட்சியை உடனே தொடங்கி, நேற்று விட்ட சிக்கல் என்னவாயிற்று என்ற ஆவலைக் கிளப்பிவிட்டு, ஐந்தாறு நிமிடம் கழித்து நீண்ட விளம்பர இடைவேளையை வைக்கின்றன. அதற்குள் நீங்கள் அந்தக் கதைக்குள் போய்விட்டீர்கள்.

இதில் நேரத்தைச் சற்றுத் தாண்டுவதில் எனக்கு மறுப்பில்லை. பெயர்ப் பட்டியலைப் படிக்க முடியாதபடி நசுக்குவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. உள்ளூர் நாடகம் ஒன்றில் விளக்குப் பிடித்தவருக்கும், ஒப்பனை செய்தவருக்கும், படத்தொகுப்பாளருக்கும் கிடைக்கும் ஒரே பொது அங்கீகாரம் அந்த முப்பது வினாடிதான். அதைக் காப்பாற்றிக்கொண்டே பார்வையாளரையும் தக்கவைக்க வழி இருக்கிறது: பெயர்களைக் கடைசிக் காட்சியின் மீதே ஓடவிடலாம். செய்ய மனம் வேண்டும், அவ்வளவுதான்.

பட்டர்வொர்த் வாசகி: புகழ்பெற்ற இரண்டு தொடர்களுக்கு நடுவே வந்த ஓர் உள்ளூர் நாடகத்தைக் குடும்பத்தோடு ஆவலாகப் பார்த்து வந்தோம். திடீரென்று அதை வேறொரு நாளுக்கு, பிந்திய நேரத்துக்கு மாற்றினார்கள். சில வாரங்களில் அது நின்றே போனது. நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை ஏன் நகர்த்தினார்கள்?

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, அம்மா; இந்த ஒரு கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு தூண்களுக்கு நடுவே தூளி கட்டுவதைப் போல, வலுவான இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே புதிய நிகழ்ச்சி ஒன்றை வைப்பது மிகப் பழைய உத்தி. முதல் தொடரைப் பார்த்தவர்கள், மூன்றாவதாக வரும் தொடருக்காகக் காத்திருக்கையில், நடுவில் இருப்பதையும் பார்த்துவிடுவார்கள். புதிய இயக்குநருக்கும் அறிமுகமில்லாத நடிகர்களுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் என்ன வருகிறது என்பது அதன் தலைவிதியையே மாற்றக்கூடியது. 2000ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் இந்தியாவின் ஸ்டார் பிளஸ் அலைவரிசை, அமிதாப் பச்சன் நடத்திய 'கோன் பனேகா குரோர்பதி' வினாவிடைப் போட்டியை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. அதே இரவில், சற்றுப் பிந்தி, மாமியார் மருமகள் கதையான 'கியூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ' தொடரையும் தொடங்கியது. போட்டியைப் பார்க்க வந்த பெருங்கூட்டத்தின் ஒரு பகுதி அப்படியே தொடருக்கும் தங்கியது. போட்டியின் முதல் சுற்று முடிந்த பிறகும் அந்தத் தொடர் எட்டு ஆண்டுகள் ஓடியது.

இன்னொரு சான்று அமெரிக்காவிலிருந்து. 1996 ஜனவரியில் அவர்களுடைய கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் முடிந்த கையோடு என்பிசி 'பிரெண்ட்ஸ்' தொடரின் ஓர் அத்தியாயத்தை ஒளிபரப்பியது. அதை 5 கோடியே 29 இலட்சம் பேர் பார்த்தார்கள். 2004 மே மாதம், பல மாதங்கள் விளம்பரப்படுத்திய அதே தொடரின் இறுதி அத்தியாயத்தைக்கூட 5 கோடியே 25 இலட்சம் பேர்தான் பார்த்தார்கள். பத்து ஆண்டு வளர்த்த பாசத்துக்குச் சமமாக, முன்னால் ஓடிய ஒரு விளையாட்டுப் போட்டி கூட்டம் சேர்த்துக் கொடுத்தது என்பதை அட்டவணை போடும் யாரும் மறக்கக் கூடாது.

ஆனால் நடுவில் வைத்த நிகழ்ச்சிக்கு வரும் எண்ணிக்கை பெரும்பாலும் இரவல் எண்ணிக்கை. இதைக் கணக்கில் கொள்ளாத நிலையங்கள், 'இந்த நாடகம் தன் காலில் நிற்கிறது' என்று எண்ணி, கூட்டமே வராத வேறொரு நாளைத் தூக்கி நிறுத்த அதை அனுப்பிவிடுகின்றன. வலுவான நிகழ்ச்சி ஒன்றை நடுநாயகமாக வைத்து, அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றுக்கு உயிர் கொடுப்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உத்திதான். ஆனால் அதற்கு அனுப்பப்படும் நிகழ்ச்சி மக்கள் தேடிப் போய்ப் பார்க்கும் அளவுக்கு வேரூன்றியிருக்க வேண்டும். எட்டு வாரமே ஆன உள்ளூர் நாடகத்துக்கு அந்த வேர் பிடித்திருக்காது. நீங்கள் பார்த்த நாடகத்துக்கு இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் வீடுகளில் தொலைக்காட்சி, வீட்டின் அன்றாட ஒழுங்கோடு பின்னிக் கிடக்கிறது. இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, பிள்ளைகள் டியூஷனிலிருந்து எப்போது வருவார்கள், காலையில் யார் ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு நாடகத்துக்கு அரைமணி நேரத்தை ஒதுக்கிக் கொடுக்கின்றன. நாடகத்தை நகர்த்தும்போது அந்த அரைமணி நேரம் அதன் கூடவே நகர்வதில்லை. அது பழைய இடத்திலேயே இருந்து, அங்கே புதிதாக வந்ததைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. எந்த உள்ளூர் நாடகத்தையும் முதல் 13 வாரத்துக்குத் தொடக் கூடாது என்பதும், மாற்றியே ஆக வேண்டுமானால் மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே அந்த நாடகத்தின் நடுவிலேயே புதிய நாளையும் நேரத்தையும் எழுத்தில் காட்ட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. ஓர் இரவில் நகர்த்திவிட்டு, 'மக்கள் ஆதரவு இல்லை' என்று சொல்வது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அநீதி.

கிள்ளான் வாசகர்: இரண்டு அலைவரிசைகள் நல்ல படங்களை ஒரே நேரத்தில் போட்டு மோதிக்கொள்வது யாருக்கு லாபம்?

நேருக்கு நேர் மோதுவது பெரும்பாலும் பெரிய நிலையத்துக்கே லாபம். சிறியவர்கள் மாற்று விருந்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்: எதிரில் செய்தி என்றால் இங்கே நகைச்சுவை, எதிரில் விளையாட்டு என்றால் இங்கே குடும்பக் கதை. இரவு எட்டு மணிக்கு அரசாங்க ஒளிபரப்பு நிலையமான ஆர்டிஎம்மின் முதல் அலைவரிசையும் டிவி3யும் தலைப்புச் செய்திகளை வைத்திருக்கின்றன; அந்த நேரத்தில் செய்தி வேண்டாதவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று மற்றவர்கள் யோசிக்கிறார்கள். 1990இல் அமெரிக்காவின் பாக்ஸ் நிறுவனம், அசைக்க முடியாததாகக் கருதப்பட்ட 'தி காஸ்பி ஷோ'வுக்கு எதிரே, வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு 'தி சிம்ப்சன்ஸ்' தொடரைத் துணிந்து கொண்டுபோய் வைத்தது. பெரும்பாலான வாரங்களில் காஸ்பியே முன்னணியில் இருந்தபோதிலும், இளைஞர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். பாக்ஸுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நம் நாட்டில் சனிக்கிழமை அட்டவணையைப் போடும்போது இங்கிலாந்துக் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் பிரிமியர் லீக் கால்பந்து ஆட்டங்கள், அவர்களின் கோடைகால நேரத்தில் நமக்கு இரவு பத்து மணிக்கும், குளிர்காலத்தில் பதினொரு மணிக்கும் வருகின்றன. ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டில் அப்பாவும் பையனும் பந்தைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால், அம்மாவின் படம் பாதியில் நின்றுவிடும். ஆகவே சனிக்கிழமைத் தமிழ்ப் படத்தைப் பத்து மணிக்குள் முடிப்பது ஒரு நல்ல கணக்கு.

ஜார்ஜ்டவுன் வாசகி: சென்னையில் உள்ள என் தங்கை எட்டு மணிக்குப் பார்க்கும் தொடர் எனக்கு ஏன் அதே எட்டு மணிக்கு வருவதில்லை?

நம் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. (1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே தள்ளப்படும் வரை, அது இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது.) சென்னையில் இரவு எட்டு என்றால் பினாங்கில் பத்தரை. அதை அப்படியே உடனுக்குடன் கொடுத்தால், காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தூங்கப் போயிருப்பார்கள். பிடித்து வைத்து மறுநாள் இங்குள்ள எட்டு மணிக்குக் கொடுத்தால், கதை இணையத்தில் வெளியாகிவிடும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒரு பகுதியினருக்குக் குறைதான். தொடர்களைப் பிடித்து வைத்துக் கொடுக்கலாம், நேரலைப் போட்டிகளையும் வாக்களிப்பு நிகழ்ச்சிகளையும் உடனுக்குடன் கொடுக்க வேண்டும் என்பது நான் ஒப்புக்கொள்ளும் பிரிவினை.

பாயான் லெப்பாஸ் வாசகர்: நான் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை செய்கிறேன். எங்களைப் போன்றவர்களை யாராவது நினைக்கிறார்களா?

நினைக்கிறார்கள், ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. ஒரு நாளைக் காலை, நண்பகல், மாலை, முதன்மை நேரம், பின்னிரவு என்று பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் வீட்டில் யார் இருப்பார்கள் என்று பார்த்துத்தான் அட்டவணை தொடங்கும். காலையில் பக்திப் பாடல், நண்பகலில் சமையல், மாலையில் பிள்ளைகளுக்கானவை என்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை. இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கி எழுகிறவருக்கு உதவுவது பிற்பகல் மறுஒளிபரப்பு. வெளியிலிருந்து வாங்கும் நிகழ்ச்சிகளுக்கு, இத்தனை காலத்துக்குள் இத்தனை முறை ஒளிபரப்பலாம் என்றுதான் பொதுவாக ஒப்பந்தம் இருக்கும்; ஆகவே அந்த மறுஒளிபரப்புகளை எந்த மணியில் செலவிடுவது என்பது நிலையத்தின் கையில் உள்ளது. நள்ளிரவு மூன்று மணிக்கு வீணாக்குவதைவிடப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் உங்களைப் போன்றோரும், ஓய்வுபெற்றவர்களும் பயனடைவார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் இயங்குகிறது. அங்குள்ள ஷிப்ட் நேரம் எந்த நிலையத்துக்கும் புதிய செய்தியாக இருக்க முடியாது.

ஈப்போ வாசகர்: எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து கேட்டதே இல்லை. பிறகு எப்படி எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிறார்கள்?

தேர்ந்தெடுத்த சில வீடுகளில் கருவி பொருத்தி, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் கொடுத்து, யார் எப்போது பார்த்தார்கள் என்று பதிவு செய்கிறார்கள். நாட்டு மக்கள் தொகையில் இந்தியர்கள் சுமார் 7 விழுக்காடுதான் என்பதால், அந்த மாதிரி வீடுகளில் தமிழ் வீடுகளின் எண்ணிக்கையும் குறைவாகவே இருக்கும். இரண்டு மூன்று குடும்பங்கள் ஊருக்குப் போயிருந்தாலே அந்த வாரக் கணக்கு ஆட்டம் காணும். ஒரு வாரச் சரிவைக் கண்டு தமிழ் நிகழ்ச்சியை மாற்றக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

பினாங்கு வாசகி: நோன்பு மாதத்தில் நிகழ்ச்சி நேரங்கள் ஏன் அடியோடு மாறுகின்றன?

வீட்டின் நேரமே மாறிவிடுவதால். நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் மக்ரிப் பாங்கை எதிர்பார்த்துக் குடும்பம் முழுவதும் ஒன்றாக அமர்ந்திருக்கும் வேளை, ஆண்டின் மற்ற மாதங்களில் கிடைக்காத ஒன்று. ஆகவே அதற்கு முந்திய அரைமணி நேரத்தில் தரமான ஆவணத் தொடர்களையும் ஆன்மிக நிகழ்ச்சிகளையும் வைக்கிறார்கள். நோன்பு மாத இரவுகளில் தொழும் தராவீஹ் தொழுகை நேரத்தில் கூட்டம் குறைந்து, பிறகு பத்து மணிக்கு மேல் மீண்டும் கூடுகிறது. சஹர் உணவுக்கு எழுபவர்களுக்காக விடியற்காலையும் உயிர்பெறுகிறது. கோலாலம்பூரைவிடப் பினாங்கில் சூரியன் சில நிமிடங்கள் பிந்தியே மறைகிறது என்பதால், தொலைக்காட்சியில் கேட்கும் பாங்கு தலைநகருக்கும் அதே நேரம் கொண்ட வட்டாரங்களுக்கும் உரியது என்று அறிவிக்கிறார்கள்.

தீபாவளிக் கணக்கு வேறு. அன்று பெட்டி நாள் முழுதும் ஓடும், ஆனால் உட்கார்ந்து பார்ப்பவர் குறைவு. திறந்த இல்ல உபசரிப்புக்கு வருவோர் போவோர் என்று வரவேற்பறை நிறைந்திருக்கும். அதனால் காலையிலும் பிற்பகலிலும், எந்த இடத்தில் பார்த்தாலும் புரியும் பாடல்களும் பட்டிமன்றமும் நகைச்சுவைத் தொகுப்பும் பொருந்தும். கவனித்துப் பார்க்க வேண்டிய உள்ளூர் டெலிமூவியை (தொலைக்காட்சிக்கென்றே எடுத்த படத்தை) முற்பகல் பதினொரு மணிக்குப் போடுவது அதைப் பலி கொடுப்பதற்குச் சமம். விருந்தினர் கலைந்த இரவு ஒன்பது மணிதான் அதற்குரிய இடம்.

செர்டாங் பல்கலைக்கழக மாணவர்: நெட்பிளிக்ஸ் காலத்தில் அட்டவணை எதற்கு, ஐயா?

2013 பிப்ரவரி 1ஆம் தேதி 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 அத்தியாயங்களையும் நெட்பிளிக்ஸ் ஒரே நாளில் வெளியிட்டபோது பலரும் இப்படித்தான் கேட்டார்கள். ஆனால் ஓர் அத்தியாயம் முடிந்த சில வினாடிகளில் அடுத்தது தானாகவே தொடங்கும்படி செய்திருக்கிறார்களே, அது செந்தூல் வாசகர் கேட்ட அந்த இடைவெளியை மூடும் பழைய உத்திதான். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது, 'தி மாண்டலோரியன்' தொடரை வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகவே கொடுத்தது. வாரம் முழுவதும் மக்கள் பேசிக்கொண்டிருப்பதற்கு இருக்கும் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேரம் கரைந்தாலும் வரிசையும் இடைவெளியும் கரையவில்லை. அவற்றைத் திட்டமிட ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: நண்பர்கள் சேர்ந்து 13 அத்தியாயங்கள் கொண்ட ஒரு தமிழ் நாடகத்தை எடுத்து வருகிறோம். நிலையத்திடம் எந்த நேரத்தைக் கேட்பது?

வார நாள்களில் தினமும் வேண்டாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் வரும் முறை, 2003 முதல் 2009 வரை சன் டிவியில் 1500க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடிய 'கோலங்கள்' போன்ற நெடுந்தொடர்களுக்குப் பொருந்தும். உங்கள் நாடகம் அந்த முறையில் மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும்; 'நன்றாக இருக்கிறதாம்' என்ற பேச்சு பரவும்போது நாடகம் இருக்காது. வாரம் ஒருமுறை என்றால், முதல் அத்தியாயத்தைப் பார்த்தவர் மூன்றாம் வாரத்தில் மறந்துவிடுவார். சனி, ஞாயிறு இரு நாளும் இரவு எட்டரை மணியைக் கேளுங்கள். பந்தாட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும். முதல் நாளன்று இரண்டு அத்தியாயங்களைச் சேர்த்துக் கொடுத்தால், கதை மாந்தர் மனத்தில் பதிவார்கள், மீதி அனைத்தும் சரியாக ஆறு வார இறுதிகளில் முடியும். உங்களுக்கு முன்னால் என்ன நிகழ்ச்சி என்று தவறாமல் கேளுங்கள். மறுஒளிபரப்பாக இருந்தால், வேறு நாளைக் கேட்பதில் தயங்க வேண்டாம்.

ஒவ்வோர் அத்தியாயத்தின் முதல் காட்சியையும் நான்கு நிமிடத்துக்குக் குறையாமல், ஒரு கேள்வியோடு முடியும்படி எழுதுங்கள், ஏனென்றால் விளம்பரம் அதற்குப் பிறகுதான் விழும். ஆறு வாரமும் நாளும் நேரமும் மாறாது என்பதை வாய்மொழியாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கையெழுத்திடுவதற்கு முன் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.